மண்ணோ, கிளியோ? இடைத்தர மாணாக்கரும் பொறியியல் மேற்படிப்பும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் பொறியியற் பட்டமேற்படிப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் நகைப்போர் இருப்பர். நகைக்கட்டும். 2025 ஐப்பசியிலே ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்த பழைய மாணாக்கன் ஒருவனே இக்கட்டுரைக்குக் காரணன். பத்தாம் வகுப்பிலே என்னிடம் இலக்கணம் கேட்டவன். உயர்தரத்திலே கணிதப் பிரிவிற் சித்தியெய்தி, நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலே குடிசார் பொறியியல் பயின்று, 2024 இலே பட்டம் பெற்றவன். இப்பொழுது நீர்வழங்கல் திட்டமொன்றிலே வேலை செய்கின்றான். கையிலே இரண்டு தாள்கள் வைத்திருந்தான். ஒன்று அவனுடைய பெறுபேற்றுப் பத்திரம். மற்றையது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பவென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நோக்கக் கூற்று.

“ஐயா, எனக்கு இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு. தரப்புள்ளிச் சராசரி 3.04. இதை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலே மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது வீண்செலவு என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று கேட்டான்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. “தம்பி, ஒரு கிழமை பொறு” என்று அனுப்பிவிட்டு, அத்துறை அறிந்தாரைக் கேட்டும், பல்கலைக்கழகங்கள் வெளியிட்டுள்ள விதிகளைப் படித்தும் பார்த்தேன். அவ்வாறு அறிந்தவற்றை அவனைப் போன்ற பிறர்க்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பயன்படுமென எண்ணி இங்கே வைக்கின்றேன்.

முதலிலே இந்த 3.04 என்னும் எண் யாது கூறுகின்றது என ஆராய்வோம். நம் பல்கலைக்கழகங்களிலே பொதுவாக நான்கு என்னும் உச்ச அளவிலே 3.70 உம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 3.30 இலிருந்து இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 இலிருந்து கீழ்ப்பிரிவு, 2.00 சாதாரண சித்தி. உயர்தரப் பரீட்சையிலே நாடெங்கும் தோற்றும் கணித மாணாக்கருள் மிகச் சிலரே பொறியியற் பீடத்துள் நுழைகின்றனர். அவ்வாறு வடிகட்டப்பட்டவருள்ளே மீண்டும் ஒருமுறை வடிகட்டி, ஒருவனைக் கீழ்ப்பிரிவிலே வைக்கின்றோம். கடலிலே முத்துக் குளித்தெடுத்து, அம்முத்துக்களைத் தம்முள் ஒப்பிட்டுச் சிறியது என்று ஒதுக்குவது போன்றது இது. வெளிநாட்டார்க்கு இந்த முதல் வடிகட்டல் தெரியாது. அவர் காண்பது 3.04 என்னும் எண் ஒன்றையே.

அவ்வெண்ணுக்கு அயலிலேதான் வாயிற்படியும் இருக்கின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே பட்டமேற்படிப்புக்கு வேண்டப்படும் மிகக்குறைந்த சராசரி 3.0 ஆகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வகுத்திருப்பதும் இவ்வளவே. எனவே என் மாணாக்கன் வாயிலுக்கு வெளியே நிற்பவனல்லன்; வாயிற்படியின்மேல் நிற்பவன். ஆயினும் படியின்மேல் நிற்றல் வேறு, உள்ளே அழைக்கப்படுதல் வேறு. விதியிலுள்ள எண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பணிமனை வகுத்தது. அதைத் தாண்டியவருள் எவரை எடுப்பது என்று தீர்ப்பவர் அவ்வத் துறையின் பேராசிரியர் குழுவினர். பெயர்பெற்ற துறைகளிலே இடங்கள் சிலவாகவும் விண்ணப்பங்கள் பலவாகவும் இருத்தலின், 3.8 உடையார் பலரும் திருப்பியனுப்பப்படுகின்றனர்.

ஜேர்மனியிலே வேறொரு முறை உண்டு. அங்கே 1 என்பது மிகச் சிறந்த தரம். 4 என்பது சித்தியின் எல்லை. பிறநாட்டுப் புள்ளியை அவர் தம் அளவுக்கு மாற்ற ஒரு வாய்பாடு வைத்திருக்கின்றனர். உச்சப் புள்ளியிலிருந்து பெற்ற புள்ளியைக் கழித்து, அதனை உச்சத்துக்கும் சித்தி எல்லைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றாற் பெருக்கி, ஒன்றைக் கூட்டல் வேண்டும். நம் தம்பியின் கணக்கு இது: 4.00 இலிருந்து 3.04 கழிய 0.96, அதனை 2.00 ஆல் வகுக்க 0.48, மூன்றாற் பெருக்க 1.44, ஒன்று கூட்ட 2.44. அந்நாட்டு முதுமாணி வகுப்புக்கள் பலவற்றிலே 2.5 எல்லையாக வைக்கப்படுதலின், அங்கும் இவன் படியின்மேலேயே நிற்கின்றான். இக்கணக்கைச் செய்து காட்டியபோது அவன் முகத்திலே முதன்முறையாகச் சிறிது தெளிவு தோன்றியது. நம் இளைஞர் பலர் இவ்வளவு கணக்குத்தானும் செய்து பாராமல், அயலவர் வாய்ச்சொற் கேட்டே மனம் சோர்கின்றனர்.

இனி, படியின்மேல் நிற்பவன் உள்ளே செல்வதற்குச் செய்யத்தக்கது யாது? இங்கேதான் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தியார் மாணாக்கரை மூவகையாகப் பகுத்து, ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறினார். தலைமாணாக்கர்க்கு அன்னமும் பசுவும். கடைமாணாக்கர்க்கு ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், நெய்யரியும். இடைமாணாக்கர்க்கோ மண்ணும் கிளியும் உவமையாயின. இவ்விரண்டையும் ஒரே வகையில் வைத்ததன் நுட்பம் சிந்திக்கத்தக்கது. கிளி கற்பித்ததைச் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. மண்ணோ, உழவன் இட்ட உழைப்பின் அளவுக்கு விளைவைத் தரும். சிறிது உழுதால் சிறிது. ஆழ உழுது எருவிட்டால் மிகுதி. பரீட்சைப் புள்ளியிலே இரண்டும் இடைத்தரமே. வருங்காலத்திலே இரண்டும் ஒன்றல்ல.

பெறுபேற்றுப் பத்திரம் மண்ணையும் கிளியையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. விண்ணப்பத்தின் ஏனைய உறுப்புக்கள் யாவும் அவ்வேறுபாட்டைக் காட்டுவதற்கே உள்ளன என்பது என் துணிபு. ஒருவரைத் தெரிந்தெடுக்கும் முறைக்கென்று வள்ளுவரும் தனி அதிகாரம் வகுத்தார். நிறையையும் குறையையும் ஒரு தராசிலிட்டு, எப்பக்கம் தாழ்கின்றதெனப் பார்க்கும் முறை அது. குறை ஏற்கெனவே தட்டில் ஏறிவிட்டது. நிறையை எடுத்து வைப்பது விண்ணப்பகாரன் கடமை.

முதலாவது, புள்ளிகளின் போக்கு. தம்பியின் பத்திரத்தை ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் பார்த்தேன். முதலீராண்டிலே புள்ளிகள் தாழ்ந்திருந்தன. அது 2020 இலே தொடங்கிய கொவிட் பெருந்தொற்றுக் காலம். கிராமத்து வீட்டிலே, விட்டுவிட்டு வரும் தொலைபேசி அலையைப் பிடித்துக்கொண்டு, தமிழிலே பயின்றவன் ஆங்கிலத்திலே விரிவுரை கேட்ட காலம். பின்னர் 2022 இலே நாடு கடனிறுக்க இயலாது தத்தளித்தபோது எரிபொருளும் மின்சாரமும் இன்றி எல்லாரும் இடருற்றனர். இறுதி ஆண்டிலோ புள்ளிகள் நன்கு உயர்ந்திருந்தன. நீரியற் பாடங்கள் நான்கிலும் உயர்தரமே பெற்றிருந்தான். சராசரி என்பது வீழ்ந்த நாளையும் எழுந்த நாளையும் ஒன்றாகக் கூட்டி வகுப்பது, எழுச்சியைக் காட்டாது. அதை விண்ணப்பகாரனே எடுத்துக் காட்டல் வேண்டும். இரண்டே வாக்கியத்திற் காட்டினாற் போதும். ஒப்பாரி வைத்தலாகாது; உதிரிப் பழிகளைப் பிறர்மேல் ஏற்றலுமாகாது.

இரண்டாவது, ஜீ.ஆர்.ஈ. எனப்படும் பரீட்சை. மொழித்திறனுக்கும் கணக்குத்திறனுக்கும் தனித்தனியே 130 இலிருந்து 170 வரை புள்ளி வழங்கப்படும். 2023 செப்ரெம்பர் தொடக்கம் இப்பரீட்சை இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கப்பட்டுள்ளது. 2020 இற்குப் பின் பொறியியற் துறைகள் பல இதனைக் கேளாது விட்டன. சில விரும்பினால் அனுப்பலாம் என்றன. சராசரி குறைந்தவனுக்கு இது ஒரு வாய்ப்பு. கணக்குப் பகுதியிலே உயர்ந்த புள்ளி பெற்றானாயின், விருப்பத்துக்கு விட்ட இடங்களுக்கும் அனுப்பலாம். ஆயினும் இப்பரீட்சையும் பரீட்சையே. கிளியும் இதிலே நல்ல புள்ளி பெறுதல் கூடும்.

மூன்றாவதும் முதன்மையானதுமானது, சிபாரிசுக் கடிதம். இங்கே நம்மவர் பெரும்பிழை செய்கின்றனர். பதவி உயர்ந்தவரிடம் கடிதம் பெறுவதே பெருமையெனக் கருதி, பீடாதிபதியையும் பாராளுமன்ற உறுப்பினரையும் தேடி ஓடுகின்றனர். தம்பியும், “ஐயா, நீங்களும் ஒரு கடிதம் தாருங்கள்” என்றான். “நான் தரும் கடிதம் உனக்கு யாப்பிலக்கணம் தெரியும் என்பதற்கே சான்றாகும், அவர்கள் அணை கட்டத் தெரியுமா என்றல்லவா கேட்கிறார்கள்?” என்று மறுத்துவிட்டேன். இறுதியாண்டிலே இவன் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் நிலத்தடியிலுள்ள நீரிலே உவர் ஏறுவதைப் பற்றி ஓர் ஆய்வு செய்தவன். இருபத்துமூன்று கிணறுகளுக்கு, மாரியும் கோடையுமாகப் பதினொரு மாதம் சைக்கிளிலே சென்று நீர் எடுத்து அளந்தவன். அவ்வாய்வை மேற்பார்த்த இளைய விரிவுரையாளர் ஒருவருக்கு அவன் எந்தக் கிணற்றில் எந்த நாளில் பிழையாக அளந்தான் என்பதும், மறுநாள் எவ்வாறு திருத்தினான் என்பதும் தெரியும். அத்தகையவர் எழுதும் ஒரு பக்கமே, அறியாத பெரியோர் எழுதும் பத்துப் பக்கத்திலும் சிறந்தது.

நான்காவது, நோக்கக் கூற்று. தம்பி கொண்டுவந்த கூற்றைப் படித்தேன். சிறுவயதிலிருந்தே பொறியியலிலே தணியாத தாகம் இருந்ததாகவும், உலகை மாற்றும் கனவு உடையவனாகவும் அதிலே எழுதப்பட்டிருந்தது. கிணறும் இல்லை, உவரும் இல்லை, சைக்கிளும் இல்லை. “யார் எழுதியது?” என்றேன். தலைகுனிந்தான். கணினியிலே இப்பொழுது கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்மதி உண்டல்லவா? அதுவே எழுதியதாம். பிழையற்ற ஆங்கிலந்தான்; ஆனால் அத்தாளிலே விண்ணப்பகாரன் பெயரை மாற்றி வேறெவன் பெயரை இட்டாலும் பொருந்தும். தான் கிளியல்லன் என்று காட்ட வேண்டியவன் கிளியையே தூதனுப்பலாமா?

இவ்விடத்தில் நம் எல்லார்க்கும் தெரிந்த ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றேன். கணித மேதை சீனிவாச இராமானுஜன் கும்பகோணக் கல்லூரியிலே ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவிப்பணத்தை இழந்தார். சென்னையிலே பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையிலே சித்தியடைந்தாரல்லர். துறைமுகப் பணிமனையிலே எழுதுவினைஞராய் இருந்தபோது, 1913 ஜனவரி 16 ஆம் நாளிட்ட கடிதமொன்றைக் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் பேக்கர், ஹொப்சன் என்னும் இருவருக்கு அவர் எழுதியவை பயன் தரவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலே தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லையென்பதை மறைக்கவில்லை, அதற்காக அழவுமில்லை. தாம் கண்ட தேற்றங்களை எழுதி வைத்தார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்கிற்று. 1914 இலே கேம்பிரிட்ஜ் சென்றார். 1918 இலே அரச கழகத்தின் உறுப்பினரானார்.

இராமானுஜன் போன்றார் நூற்றாண்டுக்கு ஒருவரே தோன்றுவர். அவரைக் காட்டி எல்லார்க்கும் நம்பிக்கை ஊட்டுதல் முறையன்று என்று அறிவுடையோர் தடை நிகழ்த்தக்கூடும். அத்தடை தக்கதே. அவருடைய மேதையை நாம் பின்பற்ற இயலாது. அவருடைய கடிதத்தின் முறையைப் பின்பற்றலாம். தகுதியைப் புகழ்ந்து சொல்லாது, செய்ததை எடுத்து வைத்தார். இருவரிடத்தே பயன் கிட்டாதபோதும் மூன்றாமவர்க்கு எழுதினார். தம் பொருளை விளங்கவல்லார் எவரென்று தேர்ந்து எழுதினார். நிலத்தடி நீரை ஆராயும் பேராசிரியர் எந்தப் பல்கலைக்கழகத்தில் உளர் என்று தேடி, அவருடைய கட்டுரைகளை உண்மையாகவே படித்து, தன் கிணற்றுக் கணக்கோடு பொருந்தும் ஒரு வினாவை மின்னஞ்சலிலே கேட்பது இடைத்தர மாணாக்கன் எவனுக்கும் இயலும் காரியம்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். இதைப் பேசாது விட்டால் இக்கட்டுரை குடும்பங்களைக் கெடுக்கும். அமெரிக்காவிலே பொறியியற் கலாநிதிப் படிப்பிற் சேருவோர்க்குப் பெரும்பாலும் ஆராய்ச்சி உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பதவி தந்து, கட்டணத்தை நீக்கி, வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தருகின்றனர். இளமாணிப் பட்டத்தோடேயே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கும் துறைகளும் பல. முதுமாணிப் படிப்போ பெரும்பாலும் சொந்தப் பணத்திலே கற்பது. ஆதலின் சராசரி குறைந்தவனுக்கு முதுமாணியிலே இடங்கிடைத்தல் எளிது. அதன் விலையோ பெரிது. இடந்தருகிறோம் என்னும் கடிதத்தைக் கண்டவுடன் புலமைக்குக் கிடைத்த பரிசென மகிழ்ந்து, காணியை ஈடுவைக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கின்றேன். அக்கடிதம் பரிசா, விலைச்சீட்டா என்று முதலிலே பார்த்தல் வேண்டும்.

படித்து முடித்து அங்கேயே உழைத்துக் கடனை அடைக்கலாம் என்னும் கணக்கும் முன்போல உறுதியானதன்று. மாணவர் விசாவிற் சென்ற பொறியியலார் பட்டத்தின்பின் பன்னிரண்டு மாதமும், அதன்மேல் இருபத்துநான்கு மாதமும் வேலைப் பயிற்சி பெற விதி இடந்தந்து வந்தது. ஆயின் 2025 இலே பல மாற்றங்கள் நிகழ்ந்தன. மே மாத இறுதியிலே மாணவர் விசாவுக்கான புதிய நேர்முக நியமனங்கள் நிறுத்தப்பட்டு, ஜூன் நடுப்பகுதியிலே கடுமையான சோதனைகளோடு மீளத் தொடங்கின. செப்ரெம்பர் 19 ஆம் நாள் வெளிவந்த சனாதிபதிப் பிரகடனம், எச்-1பி என்னும் தொழில் விசாவுக்கான புதிய மனுக்களுக்கு ஓரிலட்சம் டொலர் கட்டணம் விதித்தது. அந்நாட்டினுள்ளிருந்தே மாணவர் நிலையிலிருந்து மாறுவோர்க்கு அது பொருந்தாது என்று ஒக்டோபரிலே விளக்கம் வந்தது. ஆராய்ச்சி மானியங்கள் வெட்டப்பட்டமையால் பல்கலைக்கழகங்கள் சில கலாநிதிப் படிப்புக்கான இடங்களையும் குறைத்துக்கொண்டன. இவற்றாற் கதவு மூடிற்று என்று சொல்ல வரவில்லை. காற்றடித்தால் மூடக்கூடிய கதவை நம்பிக் கடன்படலாகாது என்றே சொல்லுகின்றேன்.

வேறு வழிகளும் உள. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே கற்பித்தற் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள மாணவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகின்றது. மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. தாய்லாந்திலே 1959 இலே பொறியியற் பட்டமேற்படிப்புக் கல்லூரியாகத் தொடங்கிய ஆசியத் தொழினுட்ப நிறுவகத்திலே நம்மவர் பலர் பயின்று வந்துள்ளனர். இவை யாவற்றினும் அண்மையிலிருப்பது நம் நாட்டிலேயே ஆராய்ச்சி வழியாக முதுதத்துவமாணிப் பட்டம் பெறும் வழி. நம் தேசியத் தகைமைச் சட்டகத்திலே கலாநிதிப் பட்டத்துக்கு அடுத்தபடியிலே, பதினோராம் மட்டத்திலே வைக்கப்பட்டுள்ள பட்டம் அது. இரண்டாண்டு உழைத்து ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை வெளியிட்டானாயின், பின்னர் விண்ணப்பத்தைப் படிப்போர் கண்ணிலே முதற்படுவது 3.04 அன்று; அந்த ஆய்வே. பழைய புள்ளியை அழிக்க எவராலும் இயலாது. அதன்மேல் புதியதொன்றை எழுதுதல் எல்லார்க்கும் இயலும்.

ஒரு கிழமை கழித்துத் தம்பி வந்தபோது இவை அனைத்தையும் சொன்னேன். பன்னிரண்டு இடத்துக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் நூறு டொலர் அளவிலே, அதாவது ஏறத்தாழ முப்பதினாயிரம் ரூபா கட்டணம். அவனுடைய தாயார் தையல் தைத்து உழைப்பவர். பன்னிரண்டை ஐந்தாகக் குறைத்தோம்: அமெரிக்காவிலே மூன்று, கலாநிதிப் படிப்புக்கு, ஜேர்மனியிலே ஒன்று, நம் நாட்டிலே ஒன்று. கூற்றை முற்றாகக் கிழித்துவிட்டு, மீண்டும் தானே எழுதினான். அவன் ஆங்கிலம் கரடுமுரடாகவே இருந்தது. ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டி இலக்கணப் பிழை மட்டும் திருத்தினோம். முதல் வாக்கியமே ஒரு கிணற்றைப் பற்றியது. வைகாசியிலே உவர்த்து, மார்கழியிலே இனித்து, மறு வைகாசியில் முன்னிலும் மிகுதியாக உவர்த்த ஒரு தோட்டக் கிணறு. ஏன் அவ்வாறாயிற்று என்று தனக்கு இன்னும் தெரியாது என்றும், அதை அறியவே கற்க விரும்புவதாகவும் எழுதியிருந்தான். படித்து முடித்தபோது, இவன் மண்தான் என்று எனக்குத் துணிவு பிறந்தது.

டிசெம்பரிலே ஐந்தும் சென்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, உதவிப்பணத்தோடு இடந்தந்தால் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல ஏப்பிரல் 15 வரை தவணை தருவது வழக்கம். விடை யாதாயினும், “எனக்குத் தகுதியில்லை” என்று முயலாமலே திண்ணையிலிருந்து எழுந்து போன இளைஞனாக அவன் இனி இரான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். முதல் வகுப்பு மாணாக்கனுக்கு நம் கடிதம் ஓர் அணிகலன். இடைத்தர மாணாக்கனுக்கோ அதுவே கைவிளக்கு. கேட்டவுடன் “ஒழுக்கமும் ஊக்கமும் உடையவன்” என்று எல்லார்க்கும் ஒரே அச்சில் எழுதிக் கொடுத்தோமாயின், கிளித்தன்மை மாணாக்கனிடம் அன்று, நம்மிடமே உள்ளதாகும். அவன் என்ன செய்தான், எங்கே தவறினான், எவ்வாறு திருத்தினான் என்பதை நாம் கண்டிருத்தல் வேண்டும். கண்டதை எழுதல் வேண்டும். அதற்கு முதலிலே வகுப்பின் பின்வரிசையிலே இருப்பவனை நாம் நோக்கியிருத்தல் வேண்டுமன்றோ?